ஐந்தரை சென்ட்டும் நாற்பது அடி ஸ்கீம் ரோடும்: மாஸ்டர் பிளானை எந்த வழியில் புதுப்பிப்பது?

கோவையை ஒட்டிய ஒரு வார்டில் ஐந்தரை சென்ட் இடம், அதில் ஒரு ஓட்டு வீடு. வீட்டுக்காரம்மா மாடி வீடு கட்ட பிளான் போட்டுத் தரச் சொல்லி என்னிடம் வந்தார். “கீழ ரெண்டு ரூம், மேல ரெண்டு ரூம் போதும் தம்பி. பேங்க்ல லோன் தர்றேன்னுட்டாங்க. அப்ரூவல் மட்டும் வாங்கிக் குடுத்துருங்க” என்றார். பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் சுத்தமாக இருந்தன. திட்ட வரைபடத்தை விரித்து அவருடைய சர்வே எண்ணைத் தேடினேன். வடகிழக்கு மூலையில் இரண்டு கோடுகள் உள்ளே நுழைந்து தென்மேற்கு மூலையில் வெளியேறின. நாற்பது அடி ஸ்கீம் ரோடு, அதாவது இங்கே சாலை வரும் என்று அரசுத் திட்டத்தில் குறித்து வைத்த பாதை. இடமே நாற்பதுக்கு அறுபதுதான். கோடுகளுக்கு வெளியே மிஞ்சியவை, துளசி மாடம் இருக்கும் முக்கோணமும் கழிப்பறை இருக்கும் முக்கோணமும்தான்.

அந்த ரோட்டை வரைந்து பல வருடம் ஆகிவிட்டது. ஒரு லோடு ஜல்லிகூட அங்கே இறங்கியதில்லை. அது போக வேண்டிய பாதையில் இப்போது ஒரு கல்யாண மண்டபமும் இரண்டு வரிசை வீடுகளும் நிற்கின்றன. ரோடு வரப்போவதில்லை என்பது ஊருக்கே தெரியும். ஆனாலும் கோடு இருக்கும்வரை அப்ரூவல் இல்லை, அப்ரூவல் இல்லாமல் லோனும் இல்லை.

பிளான் போட்டுக் கொடுப்பது என் தொழில். மாஸ்டர் பிளானை நான் தினமும் பார்ப்பது இப்படி ஒவ்வொரு சர்வே எண்ணாகத்தான். அதனால், உள்ளூர் வளர்ச்சித் திட்டங்களைத் தயாரிக்கும் முறையையும் புதுப்பிக்கும் முறையையும் மாற்ற வேண்டும் என்று பேச்சு வரும்போதெல்லாம் அந்தம்மா வீட்டை வைத்துத்தான் யோசிக்கிறேன். எந்த முறை வந்தால் அந்தக் கோடு சரியான நேரத்தில் ரோடாகியிருக்கும், அல்லது சரியான நேரத்தில் அழிக்கப்பட்டிருக்கும்?

முதலில் நம் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடலாம். நமக்கு அடிப்படை 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம். ஊர் முழுவதற்கும் முழுமைத் திட்டம், அதாவது மாஸ்டர் பிளான். அதற்குள் பகுதி பகுதியாக விரிவான வளர்ச்சித் திட்டம்; ஸ்கீம் ரோடுகள் பெரும்பாலும் இங்கிருந்துதான் வருகின்றன. திட்டம் நடைமுறைக்கு வந்தபின் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை அதை மறுஆய்வு செய்ய 32-ஆவது பிரிவில் வழி இருக்கிறது. ஆனால் அந்தப் பிரிவு ‘செய்யலாம்’ என்கிறது. அரசு உத்தரவிட்டால்தான் அது ‘செய்ய வேண்டும்’ ஆகிறது.

அந்த ஒரு சொல்லுக்கு நாம் கொடுத்த விலை பெரிது. கோவையின் மாஸ்டர் பிளானுக்கு 1994-ல் ஒப்புதல் கிடைத்தது. அடுத்த திட்டத்தின் வரைவு ஆட்சேபணைக்கு வந்தது 2024-ல், இறுதி வடிவம் வெளியானது 2025-ல். நடுவில் முப்பது ஆண்டு. சென்னையின் முதல் மாஸ்டர் பிளான் 1991 வரைக்கும் என்று போடப்பட்டது. இரண்டாவது நடைமுறைக்கு வந்தது 2008 செப்டம்பரில். இந்த இடைவெளியில்தான் 2000-த்தில் டைடல் பார்க் திறந்தது, ஓஎம்ஆர் என்னும் பழைய மகாபலிபுரம் சாலை நெடுக மென்பொருள் நிறுவனங்கள் வரிசை கட்டின, பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் ஓரங்கள் மண் நிரம்பி மேடாகின. நகரம் தெற்கே ஓடிக்கொண்டிருந்த காலத்தில் கையில் இருந்தது எழுபதுகளின் வரைபடம்.

புதுப்பிக்காமல் விட்டால் திட்டம் அப்படியே நிற்கும் என்று நினைப்பதும் தவறு. அரசிதழைப் புரட்டுங்கள். அதே 32-ஆவது பிரிவை வைத்து, இந்தக் கிராமத்தின் இந்த சர்வே எண் விவசாயப் பயன்பாட்டிலிருந்து குடியிருப்புப் பயன்பாட்டுக்கு மாற்றப்படுகிறது என்று ஒற்றை ஒற்றை அறிவிப்பாக வந்துகொண்டே இருக்கும். ஊர் முழுவதையும் ஒருசேர மறுபடி பார்க்கச் சட்டம் திறந்து வைத்த கதவு, தனித்தனி நிலங்கள் வெளியேறும் கதவாகிவிட்டது. விண்ணப்பம் போட்டு, பின்னாலேயே அலைந்து, கட்டணம் கட்டத் தெம்பு உள்ளவரின் நிலம் மாறுகிறது. ஐந்தரை சென்ட் அம்மாவின் நிலம் மாறுவதில்லை.

சரி, இனி வழிகளுக்கு வருவோம். என் கண்ணுக்கு நான்கு தெரிகின்றன.

முதலாவது, இப்போதுள்ள முறையையே வைத்துக்கொண்டு காலக்கெடு விதிப்பது. இங்கிலாந்தில் ஓர் உள்ளூர் திட்டத்தைப் போட்டு முடிக்கச் சராசரியாக ஏழு ஆண்டு ஆகிறது என்று அரசே ஒப்புக்கொண்டு, 2023-ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒட்டி 30 மாதக் கெடுவைக் கொண்டுவந்தார்கள். தவறு கடைசியில் வெளிப்பட்டு எல்லாம் வீணாகாமல் இருக்க, நடுநடுவே சரிபார்ப்புக் கட்டங்களையும் வைத்தார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் ஊரில் வேலையைச் செய்ய ஆள் எங்கே? நிதி ஆயோக் 2021-ல் வெளியிட்ட அறிக்கை, மாநிலங்களில் நகரமைப்பு அலுவலர்களுக்கு இருக்கும் நான்காயிரத்துக்கும் குறைவான பணியிடங்களில் 42% காலி என்கிறது. நாட்டின் 7,933 நகர்ப்புற ஊர்களில் 65 விழுக்காட்டுக்கு மாஸ்டர் பிளானே கிடையாது என்பதும் அதே அறிக்கையில் உள்ளதுதான். ஆள் இல்லாத அலுவலகத்துக்குக் கெடு மட்டும் விதித்தால், வேலை வெளியாருக்கு ஒப்பந்தத்தில் போகும். வெளியார் செயற்கைக்கோள் படத்தை வைத்துக்கொண்டு மேசையில் உட்கார்ந்து வண்ணம் தீட்டுவார்கள்.

அதன் முடிவு எப்படி இருக்கும் என்று மும்பை காட்டிவிட்டது. 2034 வரைக்குமான வளர்ச்சித் திட்டத்தின் வரைவு 2015 பிப்ரவரியில் வெளியானது. இருக்கிற கட்டடங்களுக்கு மேலேயே ரோடு, பழம்பெரும் கட்டடங்கள் வரைபடத்தில் காணோம் என்று புகார்கள் ஆயிரக்கணக்கில் குவிந்தன. இரண்டே மாதத்தில் முதலமைச்சர் தலையிட்டு அந்த வரைவை ஓரங்கட்ட வேண்டியதாயிற்று. திருத்திய வரைவு 2016-ல் வந்தது, ஒப்புதல் 2018-ல். அங்கே நடந்ததைத் தாமதம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. தெருவில் இறங்கி நடந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கக் கூடிய விஷயங்கள் அவை. கெடு நடப்பவரையும் ஓட வைக்கும். நடக்க ஆளே இல்லை என்றால் அது என்ன செய்யும்?

இரண்டாவது வழி, மாஸ்டர் பிளானை இருபது ஆண்டுக்கு ஒருமுறை நடத்தும் பெரிய கல்யாணமாக்காமல், குறிப்பிட்ட இடைவெளியில் தவறாமல் திருத்துவது. சிங்கப்பூரில் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாஸ்டர் பிளானைத் திருத்துகிறார்கள். குஜராத் சட்டம் பத்து ஆண்டுக்கு ஒருமுறையாவது திருத்தியே ஆக வேண்டும் என்கிறது. மகாராஷ்டிரத்தில் அது இருபது. நம் சட்டத்தின் ஐந்து ஆண்டு இவற்றோடு பார்த்தால் நல்ல கணக்குதான், ‘செய்யலாம்’ என்பதைத் தவிர.

ஆனால் ஐந்து ஆண்டைக் கட்டாயமாக்கினால் நமக்குத் தாங்காது. ஸ்காட்லாந்து 2019-ல் தன் சட்டத்தை மாற்றி ஐந்து ஆண்டுச் சுற்றைப் பத்து ஆண்டாக்கியது. ஒரு திட்டம் முடிவதற்குள் அடுத்ததற்கான வேலை தொடங்கிவிடுவதால், போட்ட திட்டத்தை நிறைவேற்ற நேரமே இல்லை என்பதுதான் அங்கே இருந்த குறை. அங்கேயே அப்படி என்றால், இங்கே திட்டம் போடும் அமைப்புகளான நம் உள்ளூர் திட்டக் குழுமங்களின் நிலையைச் சொல்ல வேண்டாம். பத்து ஆண்டு சரியாக வரும். பத்து ஆண்டு என்றால், ஒரு திட்டத்தில் வேலை பார்த்த இளம் அலுவலர் அடுத்த திட்டத்திலும் அனுபவத்தோடு இருப்பார். முப்பது ஆண்டு இடைவெளியில் கோப்பும் போய்விடும், அதைத் தெரிந்தவரும் ஓய்வு பெற்றுப் போய்விடுவார்.

இந்த வழியில் என் மனத்துக்குப் பிடித்தது இன்னொன்று. திரும்ப வரும் என்று தெரிந்தால் யாரும் எல்லாவற்றையும் ஒரே தடவையில் நுழைத்துவிடத் துடிக்க மாட்டார்கள். அடுத்த வாய்ப்பு பிள்ளைகள் காலத்தில்தான் என்னும்போதுதான், வேண்டியதும் வேண்டாததுமாக அத்தனை ரோட்டையும் வரைந்து வைக்கிறார்கள்.

ஆனாலும் திருத்தினால் மட்டும் ரோடு வந்துவிடாது. வரைபடத்தில் கோடு போடுவது ஒரு வேலை, அந்த நிலத்தைப் பெறுவது வேறு வேலை. நம் ஊரில் இரண்டாவதுக்குத்தான் வழி அடைபட்டுக் கிடக்கிறது.

இங்கேதான் மூன்றாவது வழியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். குஜராத்தில் மாஸ்டர் பிளானுக்குக் கீழே ‘நகரமைப்புத் திட்டம்’ என்று ஒன்று இருக்கிறது. வேர் 1915-ஆம் ஆண்டின் பம்பாய்ச் சட்டத்தில் இருக்கிறது. இப்போதைய வடிவம் 1976-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வருவது. நகர விளிம்பில் நூறு ஹெக்டேர் அளவில் ஒரு வட்டாரத்தை எடுத்துக்கொள்வார்கள். அதில் உள்ள எல்லா நிலத்தையும் காகிதத்தில் ஒன்றாகச் சேர்ப்பார்கள். ரோடு, பூங்கா, பள்ளிக்கூட இடம், அரசு விற்றுப் பணமாக்கும் மனைகள் என்று சுமார் 40% வரை எடுத்துக்கொண்டு, மீதியை ஒழுங்கான மனைகளாக அதே உரிமையாளர்களுக்குத் திருப்பிக் கொடுப்பார்கள். எடுத்த நிலத்துக்கு இழப்பீடு, நிலமதிப்பு உயர்ந்ததில் ஒரு பங்குக்கு மேம்பாட்டுக் கட்டணம் என இரண்டையும் கழித்துக் கணக்கை நேர் செய்வார்கள். அகமதாபாத்தைச் சுற்றி ஓடும் 76 கிலோமீட்டர் சர்தார் பட்டேல் சுற்றுச்சாலைக்கு நிலம் பெரும்பாலும் இப்படித்தான் சேர்ந்தது.

இதையே நம் கணக்கில் போட்டுப் பாருங்கள். ஒரு ஏக்கர், அதாவது நூறு சென்ட் வைத்திருப்பவர் நாற்பது சென்ட் விடுகிறார். மிஞ்சும் அறுபது சென்ட்டும் ரோட்டு முகப்போடு சதுரமாக, அப்ரூவல் சிக்கல் இல்லாமல் கையில் வருகிறது. அவருடைய வரப்பை ஒட்டி இருப்பவரும் அதே விகிதத்தில்தான் விடுகிறார். நம் ஸ்கீம் ரோட்டில் நடப்பது வேறு. கோடு யார் தலையில் விழுந்ததோ அவருக்கு ஐந்தரை சென்ட்டும் போய்விடுகிறது. எதிர்வரிசைக்காரர் ஒரு சென்ட்டும் விடாமல் நாற்பது அடி ரோட்டு முகப்புக்கு உரிமையாளர் ஆகிறார். நிலத்தைக் கையகப்படுத்த உள்ளாட்சியிடம் பணம் இல்லாததால் அதுவும் நடப்பதில்லை. இருவரும் காத்துக் கிடக்கிறார்கள், ஒருவர் நம்பிக்கையோடு, இன்னொருவர் தூக்கம் இல்லாமல்.

இந்த அநியாயத்தை நம் தமிழ்நாட்டுச் சட்டத்தை எழுதியவர்களும் அறியாமல் இல்லை. 38-ஆவது பிரிவின்படி, திட்ட அறிவிப்பு வெளியான மூன்று ஆண்டுக்குள் ஒதுக்கிய நிலத்தைக் கையகப்படுத்த நடவடிக்கை எடுக்காவிட்டால், அந்த நிலம் ஒதுக்கீட்டிலிருந்து விடுபட்டதாகவே கொள்ள வேண்டும். ஆனால் கோடு தானாக அழியாது. விடுபட்டது என்று ஒரு உத்தரவு கையில் வேண்டும். அதற்காகப் பலர் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டு வாங்கி வருகிறார்கள். ஐந்தரை சென்ட்டுக்கு வக்கீல் வைத்துக் கட்டுப்படியாகுமா? கேட்டதற்கு அந்தம்மா, “கோர்ட்டுக்குப் போற காசு இருந்தா ஒரு ரூம் கட்டிருப்பேன் தம்பி” என்றார்.

குஜராத் முறையிலும் குறை இல்லாமல் இல்லை. வரைவு, முதல்நிலை, இறுதி என்று மூன்று கட்டம். கடைசிக் கணக்கு முடியப் பல ஆண்டு இழுக்கும். 1999 திருத்தத்துக்குப் பிறகு வரைவுக் கட்டத்திலேயே ரோட்டு நிலத்தைக் கையில் எடுக்கலாம் என்றாகிவிட்டதால்தான் தாமதம் ரோட்டைப் பிடித்து நிறுத்துவதில்லை. இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. பட்டா உள்ளவருக்குத்தான் மனை திரும்பக் கிடைக்கும். குத்தகைக்கு உழுதவருக்கும், புறம்போக்கில் குடிசை போட்டவருக்கும் இந்தக் கணக்கில் பெயரே இல்லை. தமிழ்நாட்டில் கூட்டுப் பட்டாவும், இறந்தவர் பெயரிலேயே நிற்கும் பட்டாவும் எத்தனை என்பது வருவாய்த் துறைப் பக்கம் போய் வந்த எல்லோருக்கும் தெரியும். அதைச் சீர் செய்யாமல் நிலத்தைச் சேர்க்கப் போனால் அண்ணன் தம்பி சண்டையில் திட்டம் நின்றுவிடும்.

எல்லாவற்றுக்கும் மேலே, இது இன்னும் விளைநிலமாகவும் தோட்டமாகவும் இருக்கும் இடத்துக்குத்தான் பொருந்தும். மூன்று சென்ட் மனையாகப் பிரித்து விற்று முடித்த இடத்தில் யாரிடம் 40% கேட்பது? அனுமதியில்லாத மனைகளைப் பத்திரம் பதியக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை போட்டதும், மறு ஆண்டு அத்தகைய மனைகளுக்குப் பின்னால் அனுமதி தரும் வரன்முறை விதிகள் வந்ததும் நினைவிருக்கும். அப்போது வரன்முறைப்படுத்த வந்த மனைப்பிரிவுகளின் வரைபடங்களை நான் பார்த்திருக்கிறேன். இருபது அடி ரோடு நேராக வந்து பக்கத்து மனைப்பிரிவின் சுவரில் முட்டி நிற்கும். சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு இருபது அடி ரோடு, பத்தடி தள்ளி. விற்பதற்கு முன் அந்த இரண்டு தோட்டக்காரர்களையும் ஒரு மேசையில் உட்கார வைத்திருந்தால் இரண்டும் ஒரே ரோடாகியிருக்கும். அதற்கான நேரம் விற்பனைக்கு முந்தைய அந்தச் சில ஆண்டுகள் மட்டும்தான். தமிழ்நாட்டுச் சட்டத்திலும் இப்போது இப்படி நிலங்களைச் சேர்த்துப் பிரிக்கும் நில ஒருங்கிணைப்புக்கு இடம் செய்திருக்கிறார்கள். தோட்டங்கள் மிச்சமிருக்கும்போதே அதைப் பயன்படுத்தினால்தான் உண்டு.

நான்காவது வழி, திட்டம் போடும் வேலையையே உள்ளாட்சியிடமும் மக்கள் சபையிடமும் விடுவது. 74-ஆவது அரசமைப்புத் திருத்தம் சேர்த்த பன்னிரண்டாவது அட்டவணையின் முதல் வரியே நகரமைப்புதான். ஆனாலும் மாமன்ற உறுப்பினருக்கு மாஸ்டர் பிளானில் பெரிய பங்கு ஏதும் நடைமுறையில் இல்லை. கேரளம் 1996-ல் மக்கள் திட்ட இயக்கத்தைத் தொடங்கியபோது மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலே உள்ளாட்சிகளிடம் கொடுத்தது. நம் கிராம சபைகள் இப்போது ஆண்டுக்கு ஆறு முறை கூடுகின்றன. நகரங்களிலும் 2022 முதல், வார்டுக்குள் பகுதி பகுதியாக மக்கள் கூடும் பகுதி சபை வந்திருக்கிறது.

இந்த வழியின் பலம் எனக்கு ஒரு பகுதி சபையில் தெரிந்தது. புது ரோட்டுக்கு ஒரு யோசனை பேசிக்கொண்டிருந்தார்கள். பின்வரிசையில் இருந்த பெரியவர் எழுந்து, “அந்த எடத்துல ரோடு போட்டா ஐப்பசியில ரோட்டு மேல தண்ணி போகும்ங்க. அது பள்ளம். நாங்க ஆடு மேய்ச்ச பள்ளம்” என்றார். புல வரைபடத்தை வாங்கிப் பார்த்தால், விட்டு விட்டுப் போட்ட கோடாக ஒரு வாய்க்கால் அங்கே இருக்கத்தான் செய்தது. தரையில் அதற்குச் சுவடே இல்லை. நொய்யலும் சங்கனூர்ப் பள்ளமும் பெருகும்போது தண்ணீர் எந்தச் சந்தில் நுழையும் என்பதை செயற்கைக்கோள் படம் சொல்லாது, அங்கே முட்டியளவு தண்ணீரில் நின்றவர்தான் சொல்வார்.

ஆனால் முழுத் திட்டத்தையும் வார்டு சபையிடம் விட எனக்கு மனம் வரவில்லை. ரோடு வார்டு எல்லையில் நிற்காது, தண்ணீரும் நிற்காது. குப்பைக் கிடங்கும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையமும் எங்கள் வார்டில் வேண்டாம் என்று எல்லா வார்டும் சொல்லும். யாராவது மொத்தமாகப் பார்த்து முடிவு சொல்லத்தான் வேண்டும்.

ஆக, நான் எதைத் தேர்ந்தெடுப்பேன்? முதல் வழியைத் தனியாக எடுக்க மாட்டேன். காலியிடங்களை நிரப்பிய பிறகு கெடுவைப் பற்றிப் பேசலாம். இரண்டாவதையும் மூன்றாவதையும் சேர்த்து எடுப்பேன், நான்காவதை இரண்டுக்கும் காவலாக வைப்பேன்.

மாஸ்டர் பிளான் மெலிந்து போக வேண்டும். பெரிய சாலைகள், நீர்வழிகள், ஏரி குளங்கள், கட்டக் கூடாத இடங்கள், நகரம் அடுத்து எந்தத் திசையில் விரிய வேண்டும் என்பது, இவ்வளவு இருந்தால் போதும். நாற்பது அடி உள்ரோடு மாஸ்டர் பிளானிலும் வேண்டாம், எப்போதோ நிறைவேறும் என்று வரைந்து வைக்கும் ஸ்கீமிலும் வேண்டாம். மெலிந்த திட்டத்தைப் பத்து ஆண்டுக்கு ஒருமுறை இருக்கிற ஆட்களைக் கொண்டே திருத்த முடியும். 32-ஆவது பிரிவில் ‘செய்யலாம்’ என்பதைக் கட்டாயமாக்கி, ஐந்தைப் பத்தாக்கினால் போதும். விரியப்போகும் விளிம்பில், தோட்டங்கள் மனையாகும் முன், நில ஒருங்கிணைப்பு. உள்ரோடுகள் அங்கேதான் பிறக்க வேண்டும், எல்லோருடைய நிலத்திலும் சம விகிதத்தில். வரைவு அச்சுக்குப் போகும் முன் பகுதி சபையில் நீர்வழிகளையும் இருக்கிற பாதைகளையும் காட்டி ஒப்புதல் பெற வேண்டும் என்பதை விதியாக்க வேண்டும்.

ஏற்கெனவே கட்டி முடித்த பகுதிகளில் இருக்கும் பழைய ஸ்கீம் ரோடுகளுக்கு இதில் எதுவும் மருந்து இல்லை. அவற்றுக்கு ஒரே வழிதான் தெரிகிறது. மூன்று ஆண்டு தாண்டிய ஒதுக்கீடுகளின் பட்டியலை ஒவ்வொரு திட்டக் குழுமமும் தானே எடுக்கட்டும். எந்த ரோடு நிஜமாகவே வேண்டுமோ அதற்கு நிதி ஒதுக்கி நிலத்தை வாங்கட்டும். மற்றவற்றை ஒரே அறிவிப்பில் அழிக்கட்டும். நிலத்துக்காரர் ஒவ்வொருவரும் நீதிமன்றப் படியேற வேண்டிய அவசியம் இருக்காது. இதற்குப் புதுச் சட்டம்கூட வேண்டியதில்லை.

அதுவரை நம் கையில் இருப்பது ஆட்சேபணைக் காலம் மட்டும். வரைவு வெளியானால் குறைந்தது இரண்டு மாதம் தருவார்கள். பொதுவாக ‘ஆட்சேபிக்கிறேன்’ என்று எழுதிய மனு கோப்பில் தூங்கும். வரைபடத்தில் உங்கள் சர்வே எண்ணை உட்பிரிவோடு கண்டுபிடியுங்கள். புல வரைபட நகலில் வீடு இருக்கும் இடத்தைக் குறித்து, வீட்டு வரி ரசீதோடு சேர்த்துக் கொடுங்கள். உங்கள் பக்கத்தில் வாய்க்கால் ஓடியிருந்தால் அதையும் குறியுங்கள், அது உங்கள் நிலத்தில் இல்லாவிட்டாலும். கொடுத்ததற்குத் தேதியும் முத்திரையும் போட்ட ஒப்புகை வாங்காமல் வராதீர்கள். ஐந்தரை சென்ட் அம்மாவுக்காக நான் எழுதிக் கொடுத்த மனுவின் ஒப்புகை என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. மாதம் ஒருமுறை அதை எடுத்துக்கொண்டு போய் வருகிறோம்.